சென்னையில் பிறந்த பனிமலை வீரர்!

குட்டி நண்பர்களே, கார்களே ஓடாத ஓர் ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

சுவிட்சர்லாந்து நாட்டில், ஆல்ப்ஸ் மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,640 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மூரென் என்ற சின்னக் கிராமம். செங்குத்தான பாறையின் உச்சியில் அமைந்த ஊர் இது. சுற்றுலா வருகிறவர்கள் காரை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு, கேபிள் காரில் ஏறித்தான் மேலே போக வேண்டும். குளிர்காலத்தில் ஊரே வெண்பனியால் மூடிக்கிடக்கும். உலகம் முழுவதிலிருந்தும் பனிச்சறுக்குப் பிரியர்கள் அங்கே வந்து குவிவார்கள்.

இந்தக் கிராமத்தை விளையாட்டு வரலாற்றில் இடம்பெறச் செய்தவர், பனியே பெய்யாத நம் சென்னையில் பிறந்தவர் என்றால் நம்புவீர்களா? அவர் பெயர் ஆர்னால்ட் லன்.

1888 ஏப்ரல் 18ல், அன்றைய மதராஸில் அவர் பிறந்தார். தந்தை ஹென்றி லன், மருத்துவமும் சமயப்பணியும் செய்ய இங்கிலாந்திலிருந்து வந்தவர். உடல்நலம் குன்றியதால், விரைவிலேயே குடும்பத்துடன் தாய்நாடு திரும்பினார். பின்னர், ஆங்கிலேயர்களை ஆல்ப்ஸ் மலைக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் தொழிலைத் தொடங்கினார். அதனால், சிறுவன் ஆர்னால்டுக்குப் பனிமலை பழக்கமானது. 10 வயதில், பிரான்சில் உள்ள சமோனியில் முதன்முதலாகப் பனிச்சறுக்குப் பலகையைக் காலில் கட்டிக்கொண்டான்.

இளைஞரானதும் மலையேற்றத்திலும் ஆசை வந்தது. ஆனால், 1909ல் வேல்ஸ் நாட்டு மலை ஒன்றில் ஏறும்போது பாறை பெயர்ந்து, சுமார் 100 அடி கீழே விழுந்தார். கால் எலும்பு நொறுங்கியது. உயிர் பிழைத்தாலும், ஒரு கால் மற்றதைவிடச் சில அங்குலம் குட்டையாகிவிட்டது. ஆறாத புண்ணும் வலியும் பல ஆண்டுகள் தொடர்ந்தன. அப்போது அவருக்கு வயது 21தான்!

வேறு யாராக இருந்தாலும் மலைக்கே ஒரு கும்பிடு போட்டிருப்பார்கள். லன் அப்படிச் செய்யவில்லை. மெல்ல மெல்லப் பழகி, மீண்டும் பனியில் இறங்கினார். 1924ல், 3,967 மீட்டர் உயரமுள்ள ஐகர் சிகரத்தில், மூன்று நண்பர்களுடன் பனிச்சறுக்குப் பலகைகளைக் கொண்டு ஏறினார். அந்தச் சிகரத்தில் அதற்குமுன் யாரும் அப்படி ஏறியதில்லை.

அந்தக் காலத்தில் பனிச்சறுக்கு என்றால், சமவெளியில் நெடுந்தூரம் செல்வதும், உயரத்திலிருந்து தாவுவதும்தான் பெரிய போட்டிகள். மலைச்சரிவில் வளைந்து திரும்புவதில் யார் அழகாகத் திரும்பினார்கள் என்று பார்த்துத்தான் மதிப்பெண் போட்டார்கள். லன் யோசித்தார். மரங்கள் அடர்ந்த சரிவில் இறங்கும்போது அழகு எதற்கு? மரத்தில் மோதாமல் சட்டென்று திரும்பத் தெரிய வேண்டாமா?

எனவே, 1922 ஜனவரியில் மூரெனில் ஒரு புதிய போட்டியை நடத்தினார். சரிவில் இரண்டிரண்டு கொடிகளாக நட்டார். ஒவ்வொரு ஜோடிக் கொடிக்கும் நடுவே புகுந்து, வளைந்து நெளிந்து இறங்க வேண்டும். குறைந்த நேரத்தில் கீழே வருபவரே வெற்றியாளர். இதுதான் இன்றைய ஸ்லாலம் பந்தயம்!

நார்வே போன்ற நாடுகளின் பழைய வீரர்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. லன் விடாமல் வாதாடினார். கடைசியில், சர்வதேசப் பனிச்சறுக்குச் சங்கம் இதை 1930ல் ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே, மலைச்சரிவுப் பந்தயங்களுக்கான முதல் உலகப் போட்டி மூரெனில் நடந்தது. அதில் பெண்களும் கலந்துகொண்டார்கள். பெண்கள் பிரிவில் ஸ்லாலம், நேர் இறக்கம் இரண்டிலும் எஸ்மே மெக்கின்னன் என்ற பிரிட்டிஷ் வீராங்கனை முதலிடம் பெற்றார். 1936ல் இந்தப் பந்தயங்கள் ஒலிம்பிக்கிலும் நுழைந்தன.

லன்னுக்கு விளையாட்டைவிட நட்பு பெரிது. ஆஸ்திரியாவின் புகழ்பெற்ற பயிற்சியாளர் ஹன்னெஸ் ஷ்னைடருடன் சேர்ந்து, 1928 முதல் ஒரு பெரிய பந்தயத்தை நடத்திவந்தார். 1938ல் ஆஸ்திரியாவைப் பிடித்த நாஜிகள், ஷ்னைடரைக் கைது செய்தார்கள். நண்பர் சிறையில் இருக்கும்போது அவர் ஊரில் பந்தயமா? அந்த ஆண்டுப் போட்டியையே லன் ரத்து செய்துவிட்டார்.

பனிச்சறுக்குக்கு ஆற்றிய தொண்டுக்காக, 1952ல் பிரிட்டன் அவருக்கு சர் பட்டம் வழங்கியது. 1974 ஜூன் 2ல், 86வது வயதில் லண்டனில் காலமானார்.

அடுத்த குளிர்கால ஒலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, கொடிகளுக்கு நடுவே மின்னலாக வளைந்து வரும் வீரர்களைக் கவனியுங்கள். ஒரு கால் குட்டையான, நம் சென்னையில் பிறந்த ஒருவர் போட்டுக்கொடுத்த பாதை அது என்று உங்கள் நண்பர்களுக்கும் சொல்லுங்கள்!