குழந்தைகளின் பல்வரிசையும் டாக்டர் ரபியுத்தீன் அகமதும்

நோய் முற்றிய பின் மருந்து தேடுதல் பலர்க்கும் இயல்பு. வருமுன் நாடிப் பார்த்தல் சிலர்க்கே இயல்பு. பல்லைப் பொறுத்தவரையில் இவ்வுண்மை நம்மிடையே இன்னும் மிகுதியாகக் காணப்படுகின்றது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்கள் சூழ விளங்கும் இராயப்பன்பட்டி போன்ற நம் ஊர்களில், பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கும்போதுதான் அவளுடைய பல்வரிசை சில பெற்றோரின் கண்ணிற்படுகின்றது. உடனே கிளிப்புப் போட விரைகின்றனர். திருமணமோ ஆறு மாதத்தில். பல்லைச் சீராக்கும் சிகிச்சைக்கோ பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை வேண்டும்.

அங்ஙனமாயின், குழந்தையின் பற்களை எவ்வயதிற் காட்டுதல் வேண்டும்? யாரிடம் காட்டுதல் வேண்டும்? நூறு ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டில் இவ்விரண்டாம் வினாவிற்கு விடை கூறுதல் அரிதாயிருந்தது. அவ்வினாவிற்கு விடையளிப்பதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட பெரியார் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம். அவரே இந்தியப் பல் மருத்துவக் கல்வியின் தந்தை எனப் போற்றப்பெறும் டாக்டர் ரபியுத்தீன் அகமது ஆவார்.

அவர் 1890-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 24-ஆம் நாள், இன்று வங்காள தேசமாக விளங்கும் கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். அக்காலத்தில் நம் நாட்டில் பல் மருத்துவம் பயிற்றும் கல்லூரி ஒன்றேனும் இல்லை. சொத்தை விழுந்த பல்லைச் சந்தையிலும் தெருவோரத்திலும் பிடுங்கிக் கொள்வதே ஏழைகளுக்குக் கிடைத்த வைத்தியம். இளைஞராகிய அகமது கடல் கடந்து அமெரிக்கா சென்றார். ஐயோவா பல்கலைக்கழகத்திற் பயின்று, 1915-ஆம் ஆண்டில் பல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற பின் அவர் பணியாற்றிய இடம் நம் கருத்திற்குரியது. பாஸ்டன் நகரில், செல்வர்களாகிய போர்சித் சகோதரர்களின் கொடையால், குழந்தைகளுக்கென்றே ஒரு பல் மருத்துவமனை 1910-ல் தோற்றுவிக்கப்பெற்று 1914-ல் திறக்கப்பெற்றது. பதினாறு வயது வரையுள்ள ஏழைச் சிறாரின் பற்களைப் பேணுதலே அதன் நோக்கம். அங்கே 1918 வரை அகமது பணி செய்தார். பல் நோய் முதியோரின் துன்பம் மட்டுமன்று, குழந்தைப் பருவத்திலேயே கவனிக்கத் தக்கது என்னும் கொள்கையைச் செயலிற் காட்டிய மனை அது.

அமெரிக்க நாட்டில் அதே காலத்தில் மற்றோர் அறிவும் வளர்ந்து வந்தது. எட்வர்ட் ஏங்கிள் என்னும் மருத்துவர், கோணல் மாணலாகத் தோன்றும் பல்வரிசைகளையெல்லாம் 1899-ஆம் ஆண்டில் சில வகைகளாகப் பிரித்துக் காட்டினார். மேல் தாடையின் முதல் நிலைக் கடைவாய்ப்பல், கீழ்த்தாடையிலுள்ள அதன் இணைப்பல்லோடு எவ்வாறு பொருந்துகின்றது என்பதே அப்பாகுபாட்டின் அடிப்படை. அப்பல் முளைப்பது ஏறக்குறைய ஆறு வயதில். எந்தப் பாற்பல்லும் விழாமலே, இருக்கும் பற்களுக்குப் பின்னால் அது அமைதியாக முளைத்துவிடுவதால், பெற்றோர் பலர் அதனையும் பாற்பல் என்றே எண்ணி, விழுந்தால் வேறு முளைக்கும் என்று இருந்துவிடுகின்றனர். அதுவோ ஒருமுறை முளைத்து ஆயுள் முழுதும் நிற்கவேண்டிய பல்.

அகமது அந்நாட்டிலேயே தங்கியிருப்பின் பொருளும் புகழும் ஈட்டியிருத்தல் கூடும். ஆயினும் அவர் 1919-ல் தாயகம் திரும்பினார். அடுத்த ஆண்டு, 1920-ல், கல்கத்தா நகரில் இந்தியாவின் முதற் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். அதற்குப் பொருளுதவ அரசாங்கம் முன்வரவில்லை. ஆகவே, நியூயார்க் சோடா பவுண்டன் என்னும் குளிர்பானக் கடை ஒன்றை நடத்தி, அதன் வருவாயைக் கொண்டு கல்லூரியைத் தாங்கினார். சோடாக் கடையின் இலாபத்தில் ஒரு தேசத்தின் வைத்தியக் கல்வி தொடங்கியது என்பது வியப்பன்றோ? பல் வைத்தியத்தைக் கல்லூரியிற் கற்க வேண்டுமென்னும் எண்ணமே பலர்க்குத் தோன்றாத காலம் அது; மாணவர் சிலரே வந்தனர். அவர் மனந்தளர்ந்தாரில்லை.

1925-ல் பல் மருத்துவத்திற்கென ஒரு சஞ்சிகையைத் தொடங்கி நடத்தினார். 1928-ல் மாணவர்க்குப் பயன்படும் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். பயிலாதவர் பல் வைத்தியம் செய்வதைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென உழைத்தார். 1939-ல் வங்காளத்திலும், 1948-ல் இந்தியா முழுமைக்கும் அத்தகைய சட்டங்கள் இயற்றப்பெற்றன. அரும்பாடுபட்டு வளர்த்த கல்லூரியைத் தம் சொத்தாக வைத்துக்கொள்ளாமல், 1949-ல் மேற்கு வங்க அரசாங்கத்திற்கே கொடையாக அளித்தார். பின்னர் 1950 முதல் 1962 வரை அம்மாநில அமைச்சராகப் பணியாற்றினார். 1964-ல் பத்மபூஷண் விருது அவரை நாடி வந்தது. 1965-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் இட்ட வித்து வீண்போகவில்லை. சென்னையில் அரசினர் பல் மருத்துவக் கல்லூரி 1953-ல் தோன்றியது. பல்வரிசையைச் சீராக்கும் மருத்துவர்களின் இந்தியச் சங்கம், அவர் மறைந்த அதே 1965-ல் அமைந்தது. அகமது பல்லுக்குக் கம்பி கட்டுவதில் தனிப்பெயர் பெற்றவரல்லர். ஆயினும் நம் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்து உண்மை கூறக் கற்றவர் ஒருவர் இன்று நம் அருகில் இருக்கின்றாரெனின், அதற்கு வழி திறந்தவர் அவரே. யாரிடம் காட்டுவது என்னும் வினாவை அவர் தீர்த்து வைத்தார். எப்போது காட்டுவது என்பது நம் கடமையாக எஞ்சி நிற்கின்றது.

இக்கடமைக்கு மருத்துவர் வகுத்துள்ள எல்லை, ஏழு வயது. அதற்குள் ஒருமுறையேனும் குழந்தையின் பல்வரிசையையும் தாடைகளையும் காட்டிவிட வேண்டும் என்பர். காரணம் யாதெனில், அவ்வயதில் முதல் நிலைக் கடைவாய்ப்பற்களும், முன்வெட்டுப் பற்களிற் சிலவும் முளைத்திருக்கும். மேலுங்கீழும் பொருந்தும் விதம் விளங்கும். தாடையெலும்போ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்.

ஏழு வயதிற்குக் காத்திராமல் முன்னரே காட்ட வேண்டிய குறிகளும் உள. நான்கைந்து வயதிற்குப் பின்னும் விரல் சூப்பும் பழக்கம், முன்பற்களை வெளியே தள்ளிவிடும். அவ்வாறு நீண்ட பற்கள், குழந்தை ஓடி விழும்போது எளிதில் உடையும். எப்போதும் வாயால் மூச்சுவிடும் குழந்தைக்கு மூக்கையும் தொண்டையையும் சோதித்தல் வேண்டும். மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாகக் கடிக்குமாயின், தாடை ஒருபுறம் சாய்ந்து வளர இடமுண்டு. விழத்தானே போகின்றது என்று சொத்தைப் பாற்பல்லை உரிய காலத்திற்கு முன்பே பிடுங்கிவிட்டால், பின்னுள்ள பல் முன்னே சாய்ந்து, வரவேண்டிய நிலைப்பல்லின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும். அவ்விடத்தைக் காத்து நிற்கச் சிறு கம்பி வளையம் ஒன்றே பல வேளைகளிற் போதும். பத்து வயதளவில் மேல் ஈறில் கோரைப்பல்லின் புடைப்புத் தென்படாவிடினும், பல் எலும்பினுள்ளே வழிதவறியுள்ளதா எனப் பார்த்தல் நன்று.

ஏழு வயதிற் காட்டுக என்பதனால், ஏழு வயதிலேயே கம்பி கட்டுக என்று கொள்ளலாகாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு மருத்துவர் அப்போது ஒன்றும் செய்யார். ஆண்டிற்கொருமுறை அழைத்து வரச் சொல்லிக் காத்திருப்பர். நிலைப்பற்கள் பெரும்பாலும் முளைத்துவிடும் பதினொன்று முதல் பதின்மூன்று வயதளவிலேதான் பலர்க்குக் கம்பி கட்டப்பெறும். சிலர்க்கு மட்டுமே தாடை வளரும் பருவத்திலேயே சிகிச்சை இன்றியமையாதது. நம் குழந்தை அச்சிலருள் ஒருவரா என்று அறியவே முன்கூட்டிக் காட்டுகின்றோம். வயது வந்தோர்க்கும் பல்லை நகர்த்தலாம். ஆயின் வளர்ந்து முடிந்த தாடையைத் திருத்தச் சில வேளைகளில் அறுவைச் சிகிச்சையே தேவைப்படும்.

இதனை நம் பள்ளத்தாக்கினர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தலிட்டவர் நாம். இளங்கொடியைக் கோலொடு கட்டி நேரே ஏற்றி, பந்தலை எட்டியதும் நுனி கிள்ளிக் கைகளைப் பரப்பும் காலம் எதுவெனத் திராட்சை விவசாயி அறிவான். தண்டு முற்றிய பின் வளைக்கப் புகுந்தால் ஒடியும் என்பதையும் அறிவான். கொடிக்குக் காட்டும் இக்கருத்தைக் குழந்தைக்குக் காட்டலாகாதோ?

ஆசிரியராகப் போகும் மாணவர்களே, பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுவினர் பிள்ளைகளின் பல்லையும் பார்க்கச் செய்யுங்கள். காட்டச் சொல்லி அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டு, பையிலேயே மறைந்துவிடாமற் பெற்றோர் கைக்குச் சேருமாறு செய்யுங்கள். பல் மருத்துவர் நாளாக இந்தியாவிற் கொண்டாடப்பெறும் டாக்டர் அகமதுவின் பிறந்தநாள், கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முந்திய நாளாகும். விடுதிகளிலிருந்து பிள்ளைகள் வீடு திரும்பும் அந்நாளில், புத்தாடை எடுத்து வைக்கும் தாய்மார் தம் ஏழு வயதுக் குழந்தையை வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாராயின், அப்பெரியார்க்கு அதனினும் தக்க நினைவு வேறில்லை.