மலேரியா மர்மத்தை அவிழ்த்த டாக்டர் ராஸ்

போவன்பள்ளியை அடுத்த பேகம்பேட்டையில், பழைய விமான நிலையத்தின் அருகே, சர் ரொனால்டு ராஸின் பெயரைத் தாங்கிய பழங்காலக் கட்டடம் ஒன்று இருக்கிறது. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளருவதை 1897 ஆகஸ்டு 20-ந் தேதி அவர் கண்டது இங்கேதான். அந்த வெற்றியில் ஒரு நோயாளிக்கும் பங்கு உண்டு.

ராஸ் 1857-ல் இமயமலைப் பகுதியிலுள்ள அல்மோராவில் பிறந்தார். லண்டனில் மருத்துவம் பயின்று, 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, சென்னை மாகாணத்தில் பல இடங்களில் பணியாற்றினார். 1894-ல் லண்டனில் டாக்டர் மான்சனைச் சந்தித்தார். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் தொடர்பு உண்டென்ற எண்ணத்தை அவர் மனத்தில் ஊன்றியவர் மான்சன்.

நீரில் விழுந்து மடியும் கொசுக்களால் குடிநீர் கெட்டு, அதனால் நோய் பரவுகிறது என்பது மான்சனின் ஊகம். அதைச் சோதிக்க 1895-ல், செகந்திராபாத்தில், லட்சுமண் என்ற வாலிபருக்குக் கொசுக்கள் மடிந்த நீரை ராஸ் குடிக்கக் கொடுத்தார். சில நாட்களில் வாலிபருக்குக் காய்ச்சல் கண்டது. ஆனால் அது மலேரியா என்று நிரூபணமாகவில்லை. நோயில்லாத ஒருவருக்கு நோய் வரக்கூடும் என்று எண்ணியே செய்த சோதனை அது. நோயைத் தீர்க்க வேண்டிய கைகளே நோயைத் தேடித் தரலாமா என்ற கேள்வி இங்கே எழுகிறது.

1897-ல் நிலைமை வேறு. உசேன் கான் ஏற்கெனவே மலேரியாவால் அவதிப்பட்டவர். புழுப் பருவத்திலிருந்தே ராஸ் வளர்த்த, கிருமியில்லாத கொசுக்கள்தான் ஆகஸ்டு 16-ந் தேதி அவரைக் கடித்தன. கடிக்கு ஓரணா வீதம் பத்து கொசுவுக்குப் பத்தணா கூலி. உடம்புக்குப் புதிய கேடு அதிகமில்லை. ஆயினும் ராணுவ டாக்டர் கேட்டு, காசும் நீட்டும்போது, ஓர் ஏழை நோயாளி மனமார மறுத்திருக்க முடியுமா?

1898-ல் கல்கத்தா சென்ற ராஸுக்கு, விரலில் ஊசி குத்தவே மக்கள் அஞ்சி விலகினர். எனவே அவர் பறவைகளின் மலேரியாவை ஆராய்ந்தார். கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வழியே கிருமி பரவுவதை அவற்றிடமே கண்டார். 1902-ல் நோபல் பரிசு பெற்றார், 1932-ல் காலமானார்.

ராஸ் காலத்தில் இத்தகைய சோதனைகளுக்கு எழுதப்பட்ட விதிகள் இல்லை. 1947-ல் நியூரம்பர்க் தீர்ப்பும், 1964-ல் ஹெல்சிங்கி பிரகடனமும் நோயாளியின் சம்மதத்தை முதன்மையாக்கின. விவரம் முழுவதும் சொல்லி, வற்புறுத்தலின்றிச் சம்மதம் பெற வேண்டும். ஏழ்மையைக் காசால் வளைக்கக் கூடாது என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறியும்கூட.

ராஸின் பெருமை இதனால் குறையாது. ஆனால் பேகம்பேட்டைக் கட்டடத்தைக் கடக்கும்போது, பத்தணா பெற்ற உசேன் கானையும் எண்ணிப் பார்ப்பது நியாயமே.