வாயில்லா ஜீவன்களுக்காக வாதாடியவர்

உத்திரமேரூரில் எங்கள் தெருச் செவலையைப் பிடித்துச் சென்றபோது, கூண்டில் அது திரும்பி நிற்கவும் இடமில்லை. இதற்கொரு சட்டம் கிடையாதா என்று, வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி கண்ட என்னை அப்பா கேட்டார். தேடினேன், கிடைத்தவர் ருக்மிணி தேவி அருண்டேல்.

1904இல் மதுரையில் பிறந்து, 1936இல் கலாக்ஷேத்திராவை நிறுவிய நாட்டியக் கலைஞராகவே நாம் அவரை அறிவோம். 1952இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகச் சென்றவர், விலங்கு வதையைத் தடுக்கத் தனிநபர் மசோதா கொணர்ந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதியளிக்கவே, அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. உடலை அசைக்க இடமில்லாத கூண்டில் அடைப்பது அதன்படி குற்றம். அபராதமோ, முதல் முறைக்கு ரூ. 50ஐத் தாண்டாது! தெருநாய்களைக் கொல்லவும் அதே சட்டத்தில் இடம் வைத்தது என் மனத்தை உறுத்துகிறது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 1986இல் மறைந்தார்.

சட்டம் உண்டு என்று அப்பாவிடம் சொன்னேன். செவலை இன்னும் திரும்பவில்லை.