ஒக்டன் நகரத்துக் கம்மியர்

வள்ளுவரைப் படித்தான் என்னுமிடத்து, வள்ளுவர் என்னும் பெயர் அவர் செய்த நூலைக் குறித்தலைக் கருத்தாவாகுபெயர் என்று மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். நூலாசிரியர்க்கே உரியதென நாம் எண்ணும் இப்பேறு துப்பாக்கிக் கம்மியர் ஒருவருக்கும் வாய்த்தது. பிரெஞ்சு மொழியிலும் உருசிய மொழியிலும் 'பிரௌனிங்' என்னும் பெயர் கைத்துப்பாக்கியையே குறிக்கும் பொதுச்சொல்லாய் வழங்கலாயிற்று. அப்பெயருக்குரிய ஜோன் மோசஸ் பிரௌனிங் மறைந்து ஒரு நூற்றாண்டு ஆகின்றது. அவர் காலத்தில் வலுப்பெற்று இன்றும் தீராத வழக்கொன்று உண்டு. ஒருவன் தன்னுயிரைக் காத்தற்கோ, பொலிஸார் தம் கடமையைச் செய்தற்கோ ஏந்தும் கைத்துப்பாக்கியின் குண்டு எத்துணைப் பருமனுடையதாய் இருத்தல் வேண்டும் என்பதே அவ்வழக்கு. அதில் வாதி, பிரதிவாதி என்னும் இரு திறத்தாரும் இவர் ஆக்கிய கருவிகளையே சான்றாகக் காட்டுவர்.

ஐக்கிய அமெரிக்காவின் யூட்டாப் பகுதியிலுள்ள ஒக்டனில், 1855ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் பிரௌனிங் பிறந்தார். தந்தையார் ஜொனதன் பிரௌனிங்கும் துப்பாக்கிக் கம்மியரே. மோர்மன் சமயத்தைத் தழுவிய அவர், அச்சமயத்தார் இருந்த இடத்திலிருந்து துரத்தப்பட்டு மேற்குத் திசைப் பாலைநிலம் புகுந்தபோது தாமும் இடம்பெயர்ந்து, 1852இல் ஒக்டனை அடைந்து பட்டறை அமைத்தார். அவருக்கு மனைவியர் மூவர், மக்கள் இருபத்திருவர். அப்பெருங் குடும்பத்திலே பிறந்த ஜோனுக்கு, உலைக்களமே உண்மையான பள்ளிக்கூடமாயிற்று. பட்டறையில் ஒதுக்கப்பட்ட பழம்பொருள்களைக் கொண்டு அவர் தம் முதல் துப்பாக்கியைச் செய்தபோது வயது பத்து.

1879இல் அவருக்கு மூன்று நிகழ்ச்சிகள் ஒருங்கே நேர்ந்தன. திருமணம் நடந்தது, தந்தையார் இறந்தார், ஒரு குண்டு மட்டும் இட்டுச் சுடும் வேட்டைத் துப்பாக்கி ஒன்றிற்கு முதற் காப்புரிமை கிடைத்தது. உடன்பிறந்தாரைத் துணைக்கொண்டு அத்துப்பாக்கியைச் சிறு பட்டறையில் ஆக்கி விற்றார். அவற்றுள் ஒன்று வின்செஸ்டர் கம்பனியாரின் கண்ணிற்பட்டது. அக்கம்பனியின் தலைவருள் ஒருவரான பென்னற் என்பார் 1883இல் ஒக்டனுக்கே நேரில் வந்து, எண்ணாயிரம் டொலர் கொடுத்து உரிமையை வாங்கிச் சென்றார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிரௌனிங்கின் அறிவு வின்செஸ்டரின் செல்வமாயிற்று.

அவர் வாழ்வைத் திருப்பியது மிகச் சிறிய காட்சி. 1889இல் ஒருநாள், துப்பாக்கி வெடிக்கும்போது குழல்வாயிலிருந்து வெளிப்படும் காற்று எதிரேயிருந்த புல்லை வளைத்ததை அவர் கண்டார். அதனைப் பலர் முன்னரும் கண்டிருப்பர். வீணே கழியும் இவ்வாற்றலைக் கொண்டே துப்பாக்கி தன் வெற்றுக்கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளலாகாதா என்று எண்ணியவர் அவர். அவ்வெண்ணத்திலிருந்து முதலில் இயந்திரத் துப்பாக்கியும், பின்னர்ப் பின்னுதைப்பின் விசையால் இயங்கும் கைத்துப்பாக்கியும் தோன்றின. 1897 ஏப்ரல் 20ஆம் நாள் ஒன்றிலேயே கைத்துப்பாக்கிகளுக்கு நான்கு காப்புரிமைகள் பெற்றார். அமெரிக்காவில் அவற்றை ஆக்கும் உரிமை கோல்ட் கம்பனிக்குச் சென்றது. ஐரோப்பிய உரிமை பெல்ஜிய நாட்டு லீஜ் நகரை அடுத்த ஹேர்ஸ்ரலில் இருந்த படைக்கல ஆலைக்குச் சென்றது. துவிச்சக்கர வண்டித் தொழில்பற்றி அறிய அமெரிக்கா வந்த அவ்வாலையின் பிரதிநிதி, கைத்துப்பாக்கியோடு திரும்பினார் என்பர்!

பெல்ஜியப் படை 1900இல் ஏற்றுக்கொண்ட அக்கைத்துப்பாக்கியின் குழல் விட்டம் 7.65 மில்லிமீற்றர், அமெரிக்க வழக்கில் 0.32 அங்குலம். குண்டின் எடை ஐந்து கிராமுக்கும் குறைவு. சட்டைக்குள் மறையும் அளவு, மெல்லிய உதைப்பு, பயிற்சி குறைந்தவனும் குறி தவறாது சுடும் எளிமை ஆகிய இவற்றால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பொலிஸார் அவ்விட்டத்தையே நெடுங்காலம் போற்றினர். நியூ யோர்க் நகரிலும், பொலிஸ் ஆணையாளர் சபைத் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ற் 1896இல் தம் காவலர்க்குத் தேர்ந்தது 0.32 அங்குல றிவோல்வரே. காவலன் நாள்தோறும் இடுப்பிற் சுமப்பது. சுடுவதோ ஆண்டுக்கொரு முறையும் இல்லாமற் போகலாம். ஆதலால் இலேசான கருவியே தக்கதென எண்ணியதிற் குற்றம் காண இயலாது.

இவ்விடத்து அளவுப்பெயர்களைப் பற்றி ஒன்று கூறவேண்டும். 0.38 எனப்படும் குண்டின் உண்மை விட்டம் ஏறத்தாழ 0.36 அங்குலமே. ஒரே விட்டமுடைய குண்டு 9 மில்லிமீற்றர் என்றும், 0.38 என்றும், 0.380 என்றும் தோட்டாவின் வேறுபாட்டால் வெவ்வேறு பெயர் பெறும். காரணப்பெயராய்ப் பிறந்து இடுகுறியாய்த் தேய்ந்த சொற்களை நாம் அறிவோம், இவையும் அவ்வினத்தனவே. எண்ணை மட்டும் நோக்கித் துப்பாக்கியின் வன்மையை அளப்போர் ஏமாறுவர். குண்டின் எடை, அது செல்லும் விரைவு, உடலுள் எத்துணை ஆழம் புகும் என்பன யாவும் உடன்வைத்து எண்ணத்தக்கன.

இலேசான கருவியின் குறையைப் பிலிப்பைன்ஸ் தீவுகள் உணர்த்தின. அங்கே அமெரிக்கப் படையினர் 0.38 றிவோல்வர்களுடன் மோரோ மக்களை எதிர்த்தனர். தம் மண்ணிற் புகுந்த அந்நியரை வாளேந்தி எதிர்த்து ஓடிவந்த அம்மக்கள், பல குண்டுகள் பட்டும் விழாது வந்து வெட்டியபின்னரே வீழ்ந்தனர். கொல்லுதல் வேறு, தடுத்தல் வேறு என்பது அப்போது விளங்கிற்று. எதிரி ஒரு நாழிகை கழித்து இறப்பது, அவன் வாளால் முன்னரே வெட்டுண்டவனுக்கு என்ன பயன்? தற்காப்புக்கும் காவற் கடமைக்கும் வேண்டுவது தாக்குவோனை அக்கணமே நிறுத்துதலன்றி அவன் உயிரை வாங்குதலன்று.

1904இல் தொம்சன் என்னும் படைத்தலைவரும் லகார்ட் என்னும் படை மருத்துவரும் சிக்காகோ இறைச்சித் தொழிற்களத்தில் மாடுகளின்மீதும், வேறிடத்தில் மனிதப் பிணங்களின்மீதும் பல்வேறு குண்டுகளைச் சுட்டு ஆராய்ந்தனர். வாயில்லாச் சீவன்கள் பட்ட துன்பத்தை எண்ணின் அவ்வறிக்கையைப் படிக்க மனம் வராது. 0.45 அங்குலத்திற் குறைந்த குண்டு படைக்காகாது என்பது அவர்கள் கண்ட முடிபு. அதனை யாவரும் நினைவிற் கொண்டனர். மிகப்பெரிய குண்டும் உயிர்நிலையிற் படாவிடிற் பயனில்லை. ஆதலாற் குறிபார்த்துச் சுடுதலிற் படையினர்க்கு இடையறாப் பயிற்சி வேண்டும் என்றும் அவர்கள் அதனோடு சேர்த்துக் கூறியிருந்தனர். அதனைப் பெரும்பாலோர் மறந்தனர். பயிற்சியைவிடப் பருமனைத் தேடுதல் எளிதன்றோ!

படை கேட்டதைப் பிரௌனிங் செய்துகொடுத்தார். பதினைந்து கிராம் எடையுள்ள குண்டும், அதற்கேற்ற 0.45 அங்குலத் தானியங்கிக் கைத்துப்பாக்கியும் ஆயின. 1911 மார்ச்சில் நிகழ்ந்த இறுதிப் பரீட்சையில் அவர் தாமும் உடனிருந்தார். ஆறாயிரம் தோட்டாக்கள் சுடப்பட்டன. சூடேறியபோது துப்பாக்கியை நீரில் அமிழ்த்தி ஆற்றி மீண்டும் சுட்டனர். போட்டியிட்ட சாவேஜ் கம்பனியின் துப்பாக்கி முப்பத்தேழு முறை தடைப்பட, பிரௌனிங்கின் துப்பாக்கி ஒருமுறையும் தடைப்படவில்லை. அம்மாதம் 29ஆம் நாள் படை அதனை ஏற்றது. 1985இல் 9 மில்லிமீற்றர்க் கருவி அதன் இடத்தைப் பெறும்வரை, எழுபத்துநான்கு ஆண்டுகள் அதுவே அப்படையின் கைத்துப்பாக்கியாயிருந்தது.

இவ்வளவிற் பெரிய குண்டே வழக்கை வென்றது எனலாமோ? 0.45 அங்குலத்தைப் படைத்த கையே, 6.35 மில்லிமீற்றர் அளவிற் கைக்குள் அடங்கும் துப்பாக்கியையும், கோல்ட் கம்பனிக்காக 1908இல் 0.380 எனப்படும் தோட்டாவையும் படைத்தது. 1914 யூன் 28ஆம் நாள் சரயேவோ நகரில், பிரௌனிங் வகைத் துப்பாக்கியிலிருந்து அத்தோட்டாக்கள் இரண்டு வெடித்தன. ஒஸ்திரிய இளவரசரும் அவர் மனைவியாரும் காரில் நிமிர்ந்தே வீற்றிருந்தமையால், உடன்சென்ற ஆளுநர் முதலில் ஊறொன்றும் நேரவில்லையென எண்ணினார். சிறிது பொழுதில் இருவரும் இறந்தனர். முப்பத்தேழு நாளில் ஐரோப்பாவின் பெருநாடுகள் போரில் மூழ்கின. 1948 சனவரி 30ஆம் நாள் டெல்லியிற் காந்தியடிகளின் மார்பிலும் வயிற்றிலும் பாய்ந்த மூன்று குண்டுகளும், இத்தாலியத் துப்பாக்கியொன்றிலிருந்து வந்த அதே அளவின. உடனே நிறுத்த வல்லதன்று எனக் காவலர் ஐயுறும் சிறு குண்டு, கொல்லுதற்குப் போதியதாயிற்று. கொலைஞனுக்கு வேண்டியது அணுகுதலும் மறைத்தலுமே. காவலனுக்கு வேண்டியது வேறு. ஓர் அளவு இருவர்க்கும் ஒப்ப உதவாது.

முதல் உலகப்போரிற் பிரௌனிங்கின் இயந்திரத் துப்பாக்கிகளை அமெரிக்க அரசு வேண்டியபோது, தமக்குரிய பங்குப்பணத்தினும் மிகக் குறைந்த ஏழரை இலட்சம் டொலரைப் பெற்றுக்கொண்டு உரிமையை வழங்கினார். பெயரையோ புகழையோ அவர் நாடியவரல்லர். நூற்றிருபத்தெட்டுக் காப்புரிமைகளைப் பெற்றும், பட்டறை மேசையருகே நிற்பதையே விரும்பினார். எந்தப் பருமன் சிறந்தது என்னும் வழக்கிலும் அவர் சார்பெடுக்கவில்லை. கேட்டவர் கேட்ட அளவிற் செய்தார். அக்கருவி யார் கையிற் சேரும் என்பது தம் பட்டறைக்குப் புறத்ததென அவர் கருதினார் போலும். அதனைப் பெருந்தன்மை என்பதா, குறை என்பதா என எனக்குத் துணிய இயலவில்லை.

தம் இறுதி நாள்களில் அவர் எண்ணியது 9 மில்லிமீற்றர்த் துப்பாக்கி. பத்துக்குக் குறையாத தோட்டாக்கள் கொள்ளவேண்டும் என்று பிரெஞ்சுப் படை கேட்டிருந்தது. குண்டு சிறிதாயின் எண்ணிக்கை கூடும், உதைப்புக் குறையும், குறியும் தப்பாது. ஆழமாகப் புகும் விரைவும் 9 மில்லிமீற்றருக்கு உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினர் 1986இல் மியாமி நகரில் இருவரைப் பலிகொடுத்தபின் பெரிய குண்டுகளைத் தேடிச் சென்றனர். 2014இல் அத்துறையின் பயிற்சிப் பிரிவினர் மீண்டும் 9 மில்லிமீற்றரே தக்கதென எழுதியதும் இக்காரணங்களாலேயே.

அத்துப்பாக்கி முற்றுப்பெறுமுன், 1926 நவம்பர் 26ஆம் நாள், ஹேர்ஸ்ரல் ஆலையிலே வேலைக்கிடையில் இதயம் நின்று பிரௌனிங் இறந்தார். உடல் கடல் கடந்து ஒக்டனுக்குச் சென்றது. வரைபடங்கள் சேவ் என்னும் பெல்ஜியக் கம்மியரின் கைக்கு வந்தன. பதின்மூன்று தோட்டாக்கள் கொள்ளுமாறு அவர் அதனை நிறைவேற்ற, 1935இல் பெல்ஜியப் படை ஏற்றது. ஐந்தாண்டில் ஜேர்மானியர் ஹேர்ஸ்ரலைக் கைப்பற்றித் தம் படைக்கென அதனையே ஆக்குவித்தனர். எதிர்த்திசையில், கனடாவின் ரொறன்ரோ நகர ஆலையொன்று நேச நாட்டுப் படைகளுக்கென 1944 முதல் அதனையே ஆக்கிற்று.