பனியில் மறைந்த படைவீரர்

நுழையும்முன்

துருவப் பயணம் பனிவெளியில் தொடங்குவதில்லை. அதற்கான பயிற்சிக் களத்தில் தொடங்குகிறது. தென்துருவத்திற்குச் சென்ற குழு ஒன்றிற்காக நம் நாட்டு மலைகளில் ஏழு விலங்குகள் பழக்கப்படுத்தப்பட்டன. அவற்றை வரவழைக்கக் கருத்துரைத்தவர் லாரன்ஸ் ஓட்ஸ்.

படைவீரர்

1880ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று இலண்டனில் பிறந்த ஓட்ஸ், குதிரைப்படையில் சேர்ந்தார். தென்னாப்பிரிக்கப் போரில் தொடையில் குண்டு பாய்ந்ததால், அவரது ஒரு கால் மற்றதைவிடச் சற்றே குட்டையாயிற்று. ஆயினும் அவர் பணியைத் துறக்கவில்லை. எகிப்திலும் இந்தியாவிலும் பணியாற்றினார். மத்திய இந்தியாவின் மௌ படைத்தளத்தில் இருந்தபோது, கேப்டன் ஸ்காட்டின் தென்துருவப் பயணத்தில் சேர விண்ணப்பித்தார். அப்பயணத்திற்கு 1000 பவுண்டும் வழங்கினார். குதிரைகளைப் பேணும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது.

மலை தந்த பயிற்சி

பயணத்திற்கென வாங்கப்பட்ட 19 மட்டக்குதிரைகளுள் பல, முதுமையும் நோயும் உற்றவை என்பதை ஓட்ஸ் கண்டதும் உணர்ந்தார். எனினும் கடற்புயலிலும் இரவெல்லாம் நின்று அவற்றைக் காத்தார். அடுத்த ஆண்டுப் பணிக்கு இந்தியக் கோவேறு கழுதைகளே ஏற்றவை என்று அவர் எடுத்துரைத்தார். ஸ்காட் அதனை ஏற்றார். அதன்படி, இமயமலை வட்டாரத்திற்குரிய ஏழு கோவேறு கழுதைகளை இந்தியப் படையினர் பயிற்றுவித்தனர். பனியொளி கண்ணைத் தாக்காதிருக்க மறைப்புகளும், கால் புதையாதிருக்கப் பனிக்காலணிகளும் அவற்றுக்கு அளிக்கப்பட்டன. குலாப், பேகம், ராணி, பியாரி, அப்துல்லா, லால்கான், கான்சாகிப் என்னும் பெயர்களோடு அவை 1912இன் தொடக்கத்தில் அண்டார்டிகாவை அடைந்தன.

ஏற்கப்படாத அறிவுரை

1911 சனவரியில், திரும்பி வருவோருக்கான உணவுக் கிடங்கை 80 பாகைத் தென் அகலாங்கில் அமைக்கக் குழு புறப்பட்டது. வழியில் குதிரைகள் தளர்ந்தன. தளர்ந்தவற்றைக் கொன்றேனும் முன்னேறுவதே பின்னாளில் மனிதர்களைக் காக்கும் என்றார் ஓட்ஸ். வாயில்லா உயிர்களை மேலும் வருத்த ஸ்காட்டின் மனம் இசையவில்லை. குறித்த இடத்திற்கு 50 கி.மீ.க்கும் அதிகமான தொலைவு வடக்கிலேயே கிடங்கு அமைந்தது.

துருவமும் துயரமும்

1912 சனவரி 17 அன்று ஸ்காட், வில்சன், பவர்ஸ், எட்கர் எவன்ஸ், ஓட்ஸ் ஆகிய ஐவரும் துருவத்தை அடைந்தனர். நார்வே நாட்டு அமுன்ட்சென் ஐந்து வாரங்களுக்கு முன்பே அங்கு வந்து சென்றிருந்தார். திரும்பும் வழியில் எவன்ஸ் இறந்தார். ஓட்ஸின் பாதங்கள் பனியால் கருகின. தம்மால் தோழர்களின் நடை தடைப்படுவதை அவர் உணர்ந்தார். தம் 32ஆம் பிறந்தநாளை ஒட்டிய ஒரு காலையில், கூடாரத்தை விட்டு வெளியேறிப் பனிப்புயலில் மறைந்தார். தளர்ந்த குதிரைகளுக்குக் கூறிய கடும் விதியை அவர் தமக்கும் விலக்கிக்கொள்ளவில்லை. ஆயினும் எஞ்சிய மூவரும் உயிர் பிழைக்கவில்லை. கிடங்கிற்கு ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவிலேயே அவர்கள் மாண்டனர். முதலில் குறித்த இடத்தில் கிடங்கு இருந்திருந்தால், அதனை அவர்கள் முன்பே கடந்திருப்பர்.

தேடி வந்தவை

1912 அக்டோபர் இறுதியில் தேடுதல் குழு ஒன்று தெற்கு நோக்கிப் புறப்பட்டது. அதன் சுமைகளை இழுத்தவை இந்தியாவிலிருந்து வந்த அந்த ஏழு கோவேறு கழுதைகளே. நவம்பர் 12 அன்று கூடாரமும் மூவர் உடல்களும் கண்டெடுக்கப்பட்டன. ஓட்ஸைத் தேடி அக்குழு மேலும் தெற்கே சென்றது. அவரது உறக்கப்பை மட்டுமே கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. அவ்விடத்தில் பனிக்குவியல் ஒன்றை எழுப்பிச் சிலுவை நட்டு, குழுவினர் வடக்கே திரும்பினர்.