பார்வை தந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி

தாராவியில் வாழும் தமிழர்களில் பலருக்குப் பூர்வீகம் நெல்லைச் சீமை. அந்தச் சீமையில், எட்டயபுரத்துக்கு அருகே அயன் வடமலாபுரம் என்ற கிராமத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் 1918ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி பிறந்தவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் நிறுவனரான அவரை நம் அங்கத்தினர்களில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அவர் பட்ட சிரமம் அவ்வளவாகத் தெரிந்திருக்காது.

சிறு வயதில் உறவுப் பெண்கள் மூவர் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று உறுதி பூண்டார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் படித்து 1944ல் டாக்டர் ஆனார். ராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். அங்கேதான் விதி குறுக்கிட்டது. கடுமையான முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணலாகி நிரந்தரமாக முடங்கின. 1948ல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். மகப்பேறு மருத்துவக் கனவும் கலைந்தது.

அவர் மனம் தளரவில்லை. கண் மருத்துவம் பயின்று 1951ல் மேற்பட்டம் பெற்றார். வளைந்த விரல்களுக்கேற்ற கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கப் பொறுமையாகப் பழகினார். அந்தக் கைகளால் தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார். மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவின் தலைவராக இருந்தபோதே கிராமம் கிராமமாக முகாம்கள் நடத்தினார். 1973ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

1976ல், 58ஆவது வயதில் ஓய்வு பெற்றார். பென்ஷனோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவரோ வீட்டை அடமானம் வைத்து, குடும்பத்தார் நகைகளையும் ஈடு வைத்து, 11 படுக்கைகளுடன் ஒரு கண் மருத்துவமனை தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தரின் பக்தரானதால் அவர் பெயரையே சூட்டினார். தங்கை டாக்டர் நாச்சியாரும், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் உடன் நின்றனர்.

நன்கொடையை மட்டும் நம்பினால் தர்மம் நீடிக்காது என்பது அவர் கணக்கு. வசதியுள்ளவர் கட்டணம் செலுத்துவார், அந்த வருமானத்தில் இல்லாதவருக்கு இலவசச் சிகிச்சை நடக்கும். இருவருக்கும் டாக்டர்கள் அவர்களே. வேறுபாடு அறையிலும் படுக்கையிலும் மட்டுமே. ஒருவருக்குச் சிகிச்சை நடக்கையில் அடுத்தவர் பக்கத்து மேஜையில் தயாராக இருப்பார். ஒரு டாக்டரின் நேரம் சிறிதும் வீணாகாது.

இலவசம் என்றாலும் ஏழைகள் வரவில்லை. பஸ் கட்டணம், சாப்பாடு, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி இவையெல்லாம் தடையாக நின்றன. அதைப் புரிந்துகொண்டு முகாமிலிருந்தே பஸ்ஸில் அழைத்துச் சென்று, உணவும் தங்குமிடமும் தந்து, திரும்பக் கொண்டுவிட ஏற்பாடு செய்தார்கள். இறக்குமதி லென்ஸ் எட்டாத விலையில் இருந்ததால் 1992ல் ஆரோலேப் நிறுவனத்தில் இங்கேயே தயாரிக்கத் தொடங்கினார்கள். விலை பல மடங்கு குறைந்தது.

திருமணம் செய்துகொள்ளாமல், தொண்டையே யோகமாகக் கொண்ட டாக்டர் 2006 ஜூலை 7ஆம் தேதி மறைந்தார்.

மாதுங்காவிலோ செம்பூரிலோ நம் வீட்டில் சமைக்கும் அம்மாளுக்கும், கட்டடத்துக் காவலாளிக்கும் கண்ணில் புரை படர்ந்திருக்கலாம். இலவசச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று நமக்குத் தெரிந்தாலும், அவர்கள் தனியாகப் போகமாட்டார்கள். அரை நாள் ஒதுக்கி நாமே உடன் அழைத்துச் செல்வோமே. அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவாகட்டும்.