வேதியியல் கணக்கில் வரும் அந்த 24: அவகாட்ரோ யார்?

செங்கிலோ அலோர் காஜாவிலோ படிவம் 4-இல் வேதியியல் படிக்கிறீங்களா? அப்போ ‘இசிபாடு மோலார்’ உங்களுக்குத் தெரிந்திருக்கும். அறை நிலையில் ஒரு மோல் வாயு 24 லிட்டர். ஹைட்ரஜன், கார்பன் டைஆக்சைடு, எதுவானாலும் அதே 24. அது எப்படி? இதற்கு வழி காட்டியவர் சட்டம் படித்த ஒருவர்.

அமேடியோ அவகாட்ரோ 1776 ஆகஸ்ட் 9-இல் இத்தாலியின் தூரின் நகரில் பிறந்தார். குடும்பத் தொழில் சட்டம். இவரும் திருச்சபைச் சட்டத்தில் பட்டம் வாங்கினார். ஆனா மனசு இயற்பியலில்தான். 1809-இல் வெர்செல்லி நகரில் ஆசிரியரானார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரான்சின் கே-லுசாக், வாயுக்கள் எளிய கன அளவு விகிதத்தில் சேர்வதை அறிவித்திருந்தார். 2 பங்கு ஹைட்ரஜன், 1 பங்கு ஆக்சிஜன் சேர்ந்தால் 2 பங்கு நீராவி. இங்கேதான் சிக்கல். ஓர் ஆக்சிஜன் துகளிலிருந்து இரண்டு நீராவித் துகள் வரணும்னா, அது பாதியாகப் பிரியணும். அணு பிரியாதே!

1811-இல் அவகாட்ரோ முடிச்சை அவிழ்த்தார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும், சம கன அளவு வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும். ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள். ஆக, பிரிவது மூலக்கூறு, அணு அல்ல.

பெரும்பாலோர் கண்டுக்கவே இல்லை. ஒரே வகை அணுக்கள் ஒன்றோடொன்று இணையாது என்பதே டால்டன் போன்றோரின் எண்ணம். 1820-இல் தூரின் பல்கலைக்கழகத்தில் கிடைத்த பேராசிரியர் பதவியும் அரசியல் கொந்தளிப்பில் பறிபோய், 1834-இல்தான் திரும்பியது. 1856-இல் இறந்தார். 1860-இல் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் கன்னிசாரோ எடுத்துச் சொன்ன பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. அவர் பெயரிலுள்ள அந்தப் பெரிய எண்ணை அவர் கணக்கிடவே இல்லை. 1909-இல் பெரன் வைத்த பெயர் அது.

இப்போ உங்க வீட்டு கேஸ் தோம்புக்கு வாங்க. அதில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். புரொப்பேனை மட்டும் எடுப்போம். 44 கிராம் என்பது 1 மோல், அதாவது 24 லிட்டர். சமன்பாட்டில் 1 புரொப்பேனுக்கு 5 ஆக்சிஜன். வாயுவுக்கு வாயு என்பதால் கிராமுக்கே போக வேண்டாம்: 24 × 5 = 120 லிட்டர் ஆக்சிஜன். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். ஆக சுமார் 600 லிட்டர் காற்று வேணும். சன்னலை மூடிவிட்டுச் சமைத்தால் ஆக்சிஜன் குறைந்து, உயிரைப் பறிக்கும் கார்பன் மோனாக்சைடு உண்டாகலாம்.

வெளிவரும் கார்பன் டைஆக்சைடு 24 × 3 = 72 லிட்டர். கூடவே 4 மோல் நீரும் வரும். அதையும் 24-ஆல் பெருக்கிடாதீங்க. அறை நிலையில் நீர் வாயு இல்லை; அங்கே கிராம் கணக்குதான், 4 × 18 = 72 கிராம்.